ஒரு வேளைச் சோற்றுக்காரர் மூக்கையா

மூக்கையா ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிடுவார். இதை அவரேதான் சொல்லுவார். திருப்பூர் நல்லூரில் அவர் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கேட்டாலும், குடியிருக்கும் தெருவில் கேட்டாலும், அவர் சொன்னதாக இதையே சொல்வார்கள், சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். ஐம்பத்து நாலு வயதில் எண்பத்தெட்டுக் கிலோ இருக்கிற மனிதர், ஒரு வேளைச் சோற்றை வைத்துக்கொண்டு அந்த உடம்பை எப்படிக் காப்பாற்றி வருகிறார் என்பது டாக்டர்கள் வந்து ஆராய வேண்டிய விஷயம்.

விவரம் இதுதான். காலை ஐந்தரை மணிக்கு ஒரு டீ, தொட்டுக்கொள்ள இரண்டு வர்க்கி. அதற்குப் பெயர் வாய் நனைக்கிறது. எட்டு மணிக்கு ஆறு இட்லி, இல்லாவிட்டால் நாலு தோசை. அது பலகாரம். பதினொரு மணிக்குக் கம்பெனியில் மணி அடித்ததும் டீயோடு இரண்டு பருப்பு வடை. அது கடி. மத்தியானம் ஒரு மணிக்குச் சோறு. அதுதான் சாப்பாடு, அது ஒன்றுதான் சாப்பாடு. நாலு மணிக்கு மறுபடியும் டீ, கூடவே பஜ்ஜியோ தேங்காய் பன்னோ எது அகப்படுகிறதோ அது. அதுவும் கடிதான். அதற்கப்புறம் ஷிப்ட் முடிகிறவரை சட்டைப் பையிலிருந்து பொரிகடலை வாய்க்குப் போய்க்கொண்டே இருக்கும். அது சும்மா கொறிக்கிறது. எட்டரைக்கு வேலை முடிந்து வருகிற வழியில் மூன்று பரோட்டா. அது டிபன். படுக்கப் போகும்போது ஒரு சொம்பு கம்மங்கூழ். அது தாகத்துக்கு. தாகத்தைப் போய் யாராவது சாப்பாட்டில் சேர்ப்பார்களா?

இந்தச் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிக்கக் கம்பெனியில் பலர் முயன்று தோற்றிருக்கிறார்கள். செக்கிங் பகுதியில் இருக்கும் ரோஸ்மேரி நாகர்கோவில் பக்கத்துக்காரி, வாயாடி. அவள் ஒருநாள் வெண்பொங்கலை வைத்து மடக்கப் பார்த்தாள். பொங்கல் அரிசிதானே அண்ணே, அப்படியானால் அது சோறுதானே என்றாள். மூக்கையா கட்டிங் மாஸ்டர். கழுத்தில் கிடந்த அளவு டேப்பைச் சரிசெய்துகொண்டு நிதானமாகத் தீர்ப்புச் சொன்னார். பத்து மணிக்கு முன்னால் வயிற்றுக்குள் போவது எதுவானாலும் பலகாரம். சரி, பிரியாணி? அது விசேஷம், குழம்பு ஊற்றிப் பிசையாதது சோறாகாது. புளியோதரை? அது கட்டுச்சோறு, பிரயாணத்தில் தின்றது கணக்கில் வராது. நீங்கள் எங்கே பிரயாணம் போனீர்கள், தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துதானே தின்றீர்கள் என்று அவள் விடவில்லை. கட்டிங் டேபிளில் இருந்து தையல் மெஷின் வரைக்கும் நடந்து வந்தேனே, அது பிரயாணம் இல்லையா என்றார். ரோஸ்மேரி தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

பீகாரிலிருந்து வந்து துணி விரிக்கிற ஆட்கள் காலையில் நாஸ்தா என்று ஒன்று சாப்பிடுவதைப் பார்த்தார். அவர்கள் நீட்டிய ரொட்டியை மரியாதைக்காக வாங்கித் தின்றார். இரண்டு ரொட்டி மரியாதைக்கு, மூன்றாவது ருசிக்கு. அன்றிலிருந்து அவருடைய பட்டியலில் நாஸ்தாவும் சேர்ந்தது. அதுவும் சாப்பாடு இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர் ஒரு குண்டான் சோற்றையே பலகாரத்தில் மறைப்பவர். யாராவது தெருவில் பார்த்துச் சாப்பிட்டாச்சா என்று கேட்டால், எங்கிட்டுச் சாப்பிட என்பார். சொல்லும்போதே முகம் வாடி, கஞ்சிக்கு வழியில்லாதவருடைய களை வந்துவிடும். பார்க்கிற புது ஆள் பாவப்பட்டு வடை வாங்கிக் கொடுத்துவிடுவான். துணியில் ஒரு நூல் கனம் பிசகினால் ஊரைக் கூட்டுகிற மனிதர், வயிற்றுக் கணக்கில் மட்டும் இவ்வளவு தாராளம்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு வானம் பார்த்த ஊரில் பிறந்தவர் அவர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் அந்த வீட்டில் நெல்லுச்சோறு. மற்ற நாளெல்லாம் கேப்பைக்களியும் கம்பும். சோறு தின்ற நாள் என்றால் அது வேறு நாள். இருபத்திரண்டு வயதில் திருப்பூரில் வந்து இறங்கியபோது ஆறு மாதம் ஓர் அறையில் எட்டுப் பேர். மூன்று வேளையும் டீயும் பன்னும்தான். அப்போது யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டால் இல்லை என்பார். அது சத்தியமான வார்த்தை. பிறகு எடுபிடி வேலை போய்க் கட்டிங் மாஸ்டர் ஆனார், ஒச்சாயியைக் கட்டினார், ஒரு மகள் பிறந்தாள், வீட்டில் அரிசி மூட்டை வந்து இறங்கியது. எல்லாம் மாறிய பிறகும் அந்தப் பதில் மட்டும் வாயை விட்டுப் போகவில்லை.

மகள் பெயர் சித்ராதேவி. இருபத்தைந்து வயது, ஏற்றுமதிக் கம்பெனி ஆபீஸில் வேலை. மூக்கையாவுக்கு உலகத்தில் இரண்டு பலவீனம், ஒன்று வடை, இன்னொன்று இவள். போன ஆடியில் ஒருநாள் அவர் மூன்றாவது தோசையில் இருந்தபோது அவள் எதிரே வந்து உட்கார்ந்து, நிதிஷ் என்ற பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். அனுப்பர்பாளையத்துப் பையன். நெசவுக்கார வீடு, தறியெல்லாம் போய் இப்போது பத்து மெஷின் போட்டு வெளிக் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிறார்கள். அப்பா பெயர் சென்னிமலை, அம்மா பெயர் கமலாம்பாள். தைத்த சரக்கைக் கொண்டுவருகிறவன் அவன், அதில் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறவள் இவள். அப்படிப் பழக்கம்.

மூக்கையா தோசையை அப்படியே வைத்துவிட்டார். அதுவே அந்த வீட்டில் நடக்காத சங்கதி. வேற சனம், வேற ஊர், நம்ம ஊரில் அண்ணன் தம்பி முகத்தில் எப்படி முழிப்பேன் என்று ஆரம்பித்தார். அவள் சண்டை போட்டிருந்தால் அவரும் கத்தித் தீர்த்திருப்பார். அவள் சண்டை போடவில்லை.

“உங்க சம்மதம் இல்லாம எங்கயும் போக மாட்டேன்ப்பா. ஒரே ஒரு தடவை அவங்க வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வாங்க. வேண்டாம்னு தோணுச்சுன்னா வேண்டாம். மறுபடி நான் கேக்க மாட்டேன்” என்றாள்.

சொன்னபடி செய்கிறவள் அவள். மறுபடி கேட்கமாட்டேன் என்றால் கேட்கவே மாட்டாள். அவர் காட்டுகிறவனுக்குக் கழுத்தை நீட்டிவிட்டு, கடைசிவரை ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிடுவாள். அதுதான் மூக்கையாவை இரண்டு மாதம் தூங்கவிடவில்லை. வெளியே மட்டும் வேறு காரணமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்காரர்கள் வாங்க போங்க என்று பேசியே வயிற்றை நிரப்பிவிடுவார்கள், குழம்பில் உறைப்பே இருக்காது, என் பிள்ளை அங்கே போய் என்னத்தைத் தின்னும் என்றார். வாசலில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த ஒச்சாயி தலையை நிமிர்த்தாமலே, நீங்க அங்க குடித்தனம் பண்ணப் போறீங்களா, அவ போறாளா என்று கேட்டாள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பெண் கொடுக்கவோ எடுக்கவோ ஒரு வீட்டுக்குப் போகிறவர்கள், மனசுக்குச் சம்மதம் ஆகும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைக்கிறது என்றால் உட்கார்ந்து சாப்பிடுவது. இலையில் சோறு வாங்கிப் பிசைந்து தின்று கை கழுவி எழுந்திருப்பது. அது நடந்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. தண்ணீர் குடிக்கலாம். காப்பி குடிக்கலாம். தட்டில் வைத்ததில் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொள்ளலாம். அதெல்லாம் மரியாதை, சம்மதம் இல்லை. மூக்கையாவின் சனத்திலும் இது உண்டு, சென்னிமலையின் சனத்திலும் உண்டு. எது சாப்பாடு, எது சாப்பாடு இல்லை என்பதில் முப்பது வருஷம் ஆராய்ச்சி செய்த மனிதருக்கு இதைவிடத் தோதான வழக்கம் வேறு கிடைக்குமா?

மூக்கையா திட்டம் போட்டுவிட்டார். மகள் சொன்ன வார்த்தைக்காகப் போவது, காப்பி குடிப்பது, கை நனைக்காமல் திரும்பிவிடுவது. வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லும் சங்கடமே இல்லை. அவர்களும் புரிந்துகொள்வார்கள், சித்ராவும் புரிந்துகொள்வாள். அவளுக்கும் அப்பாவின் மனசு தெரியும். அதனால்தான் அவள் நிதிஷிடம், அப்பா அங்கே சோறு சாப்பிட மாட்டார், யாரும் வற்புறுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி வாக்கில் வருவதாகப் பேச்சு. அன்றைக்குக் காலையிலிருந்து மூக்கையாவுக்கு நாள் நட்சத்திரத்தில் திடீர் பக்தி வந்துவிட்டது. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டம், வாசலைத் தாண்டக் கூடாது என்றார். அந்த நேரத்தைச் சும்மா கழிப்பானேன் என்று வீட்டிலேயே ஒரு மணிக்குக் கறிக்குழம்பு ஊற்றி மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். வயிறு நிறைந்திருந்தால் நாக்கு தடுமாறாது என்பது அவர் கணக்கு. பிறகு சவரம், பிறகு சட்டைக்கு இஸ்திரி, பிறகு பழக்கடையில் ஒவ்வொரு ஆப்பிளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மூன்று மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தால் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் கிளம்ப வேண்டும் என்று எழுந்துவிடலாம். இடையில் இருப்பது காப்பிக்கு மட்டுமே தோதான ஒன்றரை மணி நேரம். ஒச்சாயி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றிலிருந்து நாலரை வரை குளிகை, தெரியுமில்ல என்று மட்டும் கேட்டாள். குளிகையில் ஒரு காரியம் நடந்தால் அது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். மூக்கையா அதைக் காதில் வாங்கவில்லை.

அனுப்பர்பாளையத்தில் மூக்கையாவும் ஒச்சாயியும் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டைக் கண்டுபிடித்தபோது மூன்று பத்து. வாசலிலேயே மூன்று பேரும் நின்றிருந்தார்கள். சென்னிமலை ஒல்லியான மனிதர், நெற்றி நிறையத் திருநீறு. வாங்க, வாங்க, வெய்யில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க என்று அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வணக்கம் போடுகிற மாதிரி பேசினார். முன்னறையில் முருகன் படத்துக்குப் புதுப் பூ போட்டிருந்தது. நிதிஷ் ஒரு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மூக்கையா அவனை மேலும் கீழும் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படாததில் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

முதலில் காப்பி வந்தது. நல்ல திக்கான பாலில் போட்ட காப்பி. வாய் நனைக்கிறதுதானே என்று குடித்தார். சென்னிமலைக்குச் சர்க்கரை வியாதி உண்டு என்று சித்ரா சொல்லியிருந்தாள். ஆனால் கமலாம்பாள் தன் வீட்டுக்காரர் டம்ளரில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு ஆற்றுவதை மூக்கையா கண்ணால் பார்த்தார். சர்க்கரை வியாதிக்காரருக்கே இந்தக் கவனிப்பு என்றால், என் பிள்ளையை எப்படிக் கவனிப்பார்கள் என்று மனசுக்குள் ஒரு குற்றம் எழுதிக்கொண்டார். அந்த மனிதருக்கு ஃபேன் காற்றிலும் நெற்றி வியர்த்துக்கொண்டிருந்தது. டம்ளரைப் பிடித்த விரல் லேசாக நடுங்கியது. சம்பந்தம் பேசும் பயம் என்று நினைத்து மூக்கையாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அடுத்து ஒரு தட்டில் முறுக்கும் கச்சாயமும் வந்தன. கச்சாயம் என்பது வெல்லம் போட்டுச் சுட்டு எடுக்கிற இனிப்பு. வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே பஞ்சு மாதிரியும் இருக்கும். மரியாதைக்கு ஒன்றைக் கிள்ளினார். கிள்ளியதை வைக்க மனசில்லாமல் முழுசாகத் தின்றார். இரண்டாவதைக் கொறிக்கிற கணக்கில் சேர்த்தார். நாலாவது கச்சாயத்தின்போது ஒச்சாயி காலால் அவர் காலை மிதித்தாள். அவர் அதைப் போதும் என்ற அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாமல், காலைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

பேச்சுக்கு இடையில், வாயில் முறுக்கோடு, நீங்க சாப்ட்டாச்சா என்று சென்னிமலையைப் பொதுவாகக் கேட்டுவைத்தார்.

“ஆச்சுங்க, எல்லாம் ஆச்சுங்க” என்றார் சென்னிமலை.

அதற்கு மேல்தான் சோதனை வந்தது. கமலாம்பாள் சந்தகை கொண்டுவந்தாள். அரிசி மாவை அவித்து நூல் நூலாகப் பிழிந்தது, அதன் மேல் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். வாசனை முன்னறைக்கு வந்தபோதே மூக்கையாவின் சட்டம் ஆட்டம் கண்டுவிட்டது. பத்து மணிக்கு முன்னால் என்ற விதி இங்கே உதவாது. அரிசிதான், மறுக்க முடியாது. ஆனால் பிழிந்த பிறகு அது அரிசியாக இருக்குமா? பிழிந்தது சோறாகாது என்று அந்த நிமிஷமே புதுத் தீர்ப்பு எழுதினார். இருந்தாலும் கையால் எடுத்துத் தின்றால் வம்பு என்று முன்யோசனையோடு, ஒரு ஸ்பூன் கிடைக்குமா தாயி என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஸ்பூனால் தின்கிறவனுக்குக் கை எப்படி நனையும்? அந்தத் தைரியத்தில் மூன்று தடவை வாங்கித் தின்றார். ஒச்சாயி பக்கத்தில் வெறும் காப்பி டம்ளரோடு உட்கார்ந்து, தாலி கட்டின நாளை நினைத்துப் பார்க்கிறவள் மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டை வழித்துக் கீழே வைக்கும்போது சாய்ந்துவிட்டது. மிச்சமிருந்த தேங்காய்ப்பால் அவர் வலது கை முழுக்க வழிந்தது.

மூக்கையா கையைப் பார்த்தார். எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் அவர் கை நனைந்துவிட்டது. இது கணக்கில் வருமா வராதா என்று சட்டம் பேச அங்கே ரோஸ்மேரியும் இல்லை. கழுவ எங்கே போக வேண்டும் என்று அவசரமாக எழுந்தார். நிதிஷ் முன்னால் ஓடி, சமையலறைக்குப் பின்னால் இருக்கிற குழாயைக் காட்டிவிட்டு, துண்டு எடுத்து வருகிறேன் என்று போனான்.

கை கழுவித் திரும்பும்போது சமையலறையில் யாரும் இல்லை. மூக்கையாவுக்குச் சமையலறையைத் தாண்டிப் போகும்போது ஒரு மூடியையாவது திறந்து பார்க்காவிட்டால் கால் நகராது. சொந்த வீட்டில் நாளைக்குப் பத்துத் தடவை செய்கிற காரியம், கை தானாகப் போய்விட்டது. பெரிய எவர்சில்வர் குண்டானின் மூடியைத் தூக்கினார்.

உள்ளே சோறு. வடித்து வைத்த சோறு, மேலே ஒரு பள்ளம் இல்லை, ஒரு கரண்டி பட்ட தடம் இல்லை. பக்கத்துச் சட்டியில் குழம்பு, மேலே ஆடை படிந்திருந்தது. அவரைக்காய்ப் பொரியல், பொரித்த அப்பளம், ஒரு சொம்பில் பாயசம், எல்லாம் வைத்தது வைத்தபடி. சுவரோரம் தண்ணீர் தெளித்துத் துடைத்த ஐந்து வாழை இலை சுருட்டாமல் அடுக்கியிருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் காப்பி டம்ளர்களைத் தவிர ஒரு எச்சில் தட்டு கிடையாது.

மூக்கையாவுக்கு உலகத்தில் பல விஷயம் தெரியாது. ஆனால் ஒரு வீட்டில் சாப்பிட்டார்களா இல்லையா என்பது குண்டானைப் பார்த்தால் தெரியும். ஐந்து இலையை எண்ணிப் பார்த்தார். அவருக்கு ஒன்று, ஒச்சாயிக்கு ஒன்று, மிச்சம் மூன்று.

நிதிஷ் துண்டோடு வந்தான். மூடி திறந்திருப்பதைப் பார்த்து, திருடியவன் அவன்தான் என்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

“தம்பி, உங்கப்பா எப்பச் சாப்பிட்டாரு?”

“காலைல ரண்டு இட்லிங்க.”

“மத்தியானம்?”

அவன் துண்டை நீட்டினான். “வர்றவங்க வராம எங்கூட்டுல யாரும் உக்கார மாட்டோமுங்க. ஒரு மணிக்கு வந்துருவீங்கன்னு அப்பா சக்கரை மாத்திரையும் போட்டுட்டாருங்க. அப்பறம் கொஞ்சம் மயக்கமா வந்துச்சு. அதான் அம்மா காப்பில சக்கரை போட்டுக் குடுத்தாங்க.”

“நான் இங்க திங்க மாட்டேன்னு சித்ரா சொல்லலையா?”

“சொன்னாங்க. சாப்பிடறது உங்க இஷ்டமுங்க. அதுக்காக ஆக்காம இருக்கறதுங்களா?”

மூக்கையாவுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. வீட்டில் மூன்று தடவை சோறு வாங்கித் தின்றது, ஆப்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது, எமகண்டம், நாலு கச்சாயம், மூன்று தட்டுச் சந்தகை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நெஞ்சில் ஏறி வந்தன. வயிறு முட்டத் தின்றுவிட்டு எங்கிட்டு என்று சொல்லியே முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டார். இங்கே ஒரு மனிதர் மயக்கம் வருகிற பசியில் உட்கார்ந்துகொண்டு, ஆச்சுங்க என்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அறைக்கு எட்டுப் பேராக இருந்த காலத்துப் பசி அவருக்கு மறந்துபோகவில்லை. அந்த நடுக்கத்தைப் பயம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டோமே என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. துண்டை வாங்கி முகத்தைத்தான் துடைத்தார்.

முன்னறைக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல், முருகன் படத்துக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“தாயி, எலையப் போடுங்க. அஞ்சு எலையும் போடுங்க” என்றார்.

கமலாம்பாள் நின்ற இடத்திலேயே நின்றாள். சென்னிமலை பாதி எழுந்து பாதி உட்கார்ந்தார். ஒச்சாயி மட்டும் சேலையைச் செருகிக்கொண்டு கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

கமலாம்பாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சோறு ஆறிப் போச்சுங்களே, சித்தெ இருங்க, பத்தே நிமிசத்துல சூடா வடிச்சர்றேன் என்றாள். வேண்டாம், ஆறின சோறே போதும், அண்ணன் பசியோடு உட்கார்ந்திருக்கிறார் என்றார் மூக்கையா. அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை.

“அதெப்படிங்க, சம்பந்திக்கு ஆறின சோறு போடறதுங்களா?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் அதைத் திருத்தவில்லை. நிதிஷ் ஐந்து இலையையும் கொண்டுவந்து விரித்தான், மூக்கையா தன் இலைக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார்.

ஆறின சோறே விழுந்தது. குழம்பு விழுந்தது. மூக்கையாவின் வயிற்றில் அப்போது ஒரு கடலைக்கும் இடம் கிடையாது. வாழ்க்கையில் முதல்தடவையாகச் சோற்றைப் பார்த்து அவருக்கு மலைப்பாக இருந்தது. பக்கத்து இலையில் சென்னிமலை கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். விருந்தாளி முதல் வாய் வைக்காமல் அவர் தொடமாட்டார் என்பது தெரிந்ததுதான். மூக்கையா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பதினெட்டு. பத்து மணிக்கு முன்னால் இல்லை, பிரயாணத்தில் இல்லை, பிழிந்தது இல்லை, ஸ்பூன் இல்லை. அவரே எழுதிய சட்டத்தில் எந்தப் பக்கம் புரட்டினாலும் இது சோறுதான். ஐந்து விரலும் படக் குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார். சென்னிமலை கண்ணை மூடி முருகா என்று சொல்லிவிட்டு அவசர அவசரமாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

குழம்பில் உறைப்பு சரியாக இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. குளிகையில் சாப்பிடுகிறீர்கள், இனி இந்த வீட்டில் அடிக்கடி சாப்பிட வேண்டியிருக்கும் என்று ஒச்சாயி அவர் காதோரம் சொன்னாள். குனிந்தபடியே, தெரிஞ்சுதான் திங்கிறேன், நீ தின்னு என்றார்.

அந்த நேரத்தில் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. சித்ரா. வலது கை சோற்றில் இருந்ததால் ஒச்சாயி எடுத்து அவர் காதில் வைத்துப் பிடித்தாள்.

கிளம்பிட்டீங்களாப்பா என்று கேட்டாள் சித்ரா. குரலை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் இல்லை என்றார். காப்பி குடித்தீர்களா என்று கேட்டாள். குடித்தேன் என்றார். அதற்கு மேல் கேட்கமாட்டேன் என்று சொன்னவள் அவள். கேட்கவும் இல்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

மூக்கையா வாயில் இருந்ததை விழுங்கினார்.

“சோறு சாப்ட்டுக்கிருக்கேன் தாயி. இன்னைக்கு இது ரெண்டாவது வேளை.”

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விசும்பல் வந்தது.

“அழுகாம வையி. ரசம் ஊத்துறாங்க” என்றார்.